ஓநாய் விழுங்கிய அரசன்: ஐரோப்பிய இரசவாதப் படங்களை வாசிக்கும் முறை

ஓர் அரசனும் அரசியும் அருகருகே நிற்கிறார்கள். அரசியின் கையில் மூன்று பூக்கள். கீழே ஓர் ஓநாய், உலோகம் உருக்கும் கலமான மூசை ஒன்றை, நெருப்பில் வைத்திருப்பதை, தாண்டிப் பாய்கிறது. மறுபுறம் நீண்ட அரிவாளோடு ஒரு கிழவன். அவன் காலடியிலும் நெருப்பு, அந்த நெருப்பில் ஆழமில்லாத ஒரு கிண்ணம்.

பேசில் வாலண்டைன் என்ற பெயரில் 1599-இல் ஜெர்மன் மொழியில் அச்சான ‘பன்னிரண்டு சாவிகள்’ நூலின் முதல் சாவிக்கு, அதாவது முதல் அத்தியாயத்துக்கு, உரிய படம் இது. ஜெர்மன் மருத்துவரும் இரசவாதியுமான மிகாயேல் மையர் 1618-இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் வெளியிட்ட தொகுப்பில் இருக்கும் செப்புத்தகட்டுப் படங்கள்தான் இன்று எங்கும் காணக் கிடைப்பவை. பார்த்தவுடன் ஏதோ பழங்கதையின் காட்சி என்று தோன்றும். ஆனால் இது ஒரு செய்முறை. தங்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது, வெள்ளியை எப்படிச் சுத்தம் செய்வது என்ற இரண்டு வேலைகளும் ஒரே சட்டத்துக்குள் வரையப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு படத்தை முழுதாக வாசிக்கக் கற்றுக்கொண்டால் மற்றப் படங்களை அணுகும் வழி தானாகப் பிடிபடும்.

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

மலிவான உலோகத்தைத் தங்கமாக்க முயன்ற இரசவாதக் கலை அலெக்சாந்திரியாவின் கிரேக்க மொழி எழுத்துகளில் வேர்விட்டு, அரபு நாடுகளில் வளர்ந்து, 12-ஆம் நூற்றாண்டில் லத்தீன் மொழிபெயர்ப்புகளாக ஐரோப்பாவுக்குள் வந்தது. ஜாபிர் இப்னு ஹய்யான் பேரில் வழங்கும் அரபு நூல்கள் தந்த கொள்கைதான் இதன் முதுகெலும்பு: நிலத்துக்கடியில் கந்தகமும் பாதரசமும் கூடித்தான் எல்லா உலோகங்களும் உண்டாகின்றன. இரண்டும் தூய்மையாக, சரியான அளவில், போதிய சூட்டில் கூடினால் தங்கம். ஏதாவது ஒன்று குறைந்தால் காரீயம், வெள்ளீயம், செம்பு, இரும்பு. அப்படியானால் காரீயம் என்பது வேக்காடு முடியாத தங்கம். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் எடுக்கும் வேக்காட்டை உலையில் சீக்கிரம் முடித்துவைக்கும் பொருளுக்குத்தான் ‘ஞானிகளின் கல்’ என்று பெயர். ஒரு கருத்துக்குள் கட்டுக்கோப்பாக நிற்கும் இந்த வாதத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் படங்கள் ஒன்றும் பேசாது.

ஏழு உலோகங்களுக்கும் ஏழு கோள்களின் பெயர்கள் உண்டு. தங்கம் சூரியன், வெள்ளி சந்திரன், பாதரசம் புதன், செம்பு சுக்கிரன், இரும்பு செவ்வாய், வெள்ளீயம் வியாழன், காரீயம் சனி. தமிழில் படிக்கும்போது ஒரு சிக்கல்: சுக்கிரனை நாம் ‘வெள்ளி’ என்றும் சொல்கிறோம். இந்தப் படங்களில் சுக்கிரன் செம்பைக் குறிப்பவள். அந்தக் குழப்பத்தை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட வேண்டும்.

சித்தர் பாடல்களில் பரிபாஷை என்று ஒன்று இருப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. சரக்கின் பெயரை நேரே சொல்லாமல் வேறு பெயரால் சொல்வது. ஐரோப்பியரும் அதையே செய்தார்கள், அவர்கள் கூடவே படமும் வரைந்தார்கள். 1400-க்கு முந்தைய ஏடுகளில் உலை, வாலை (வடிகலம்) போன்ற கருவிப் படங்களே பெரும்பாலும் இருக்கும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘அவுரோரா கான்சுர்ஜென்ஸ்’, ஜெர்மன் மொழியிலான ‘பரிசுத்தத் திரித்துவ நூல்’ ஆகிய ஏடுகளில் அரசன், அரசி, நாகம், கழுகு என்று உருவங்கள் பெருகுகின்றன. மறைப்புக்குக் காரணங்கள் உண்டு. போப் இருபத்திரண்டாம் யோவான் 1317-இல் போலித் தங்கம் செய்வோருக்கு எதிராக ஆணை போட்டார். இங்கிலாந்தில் 1404-இல் தங்கம், வெள்ளியைச் செயற்கையாகப் ‘பெருக்குவது’ குற்றமானது. இந்த அறிவு கடவுளின் கொடை, தகுதியில்லாதவன் கையில் அது சேரக்கூடாது என்ற உண்மையான நம்பிக்கையும் இருந்தது.

ஓநாயின் வேலை

இப்போது படத்துக்குத் திரும்புவோம். இதோடு வரும் வாசகத்தின் சாரம்: பசி மிகுந்த சாம்பல்நிற ஓநாய் ஒன்றைப் பிடி, அது சனியின் பிள்ளை. அரசனின் உடலை அதற்கு இரையாகப் போடு. அது விழுங்கியதும் பெரிய நெருப்பு மூட்டி ஓநாயை அதில் எரித்துவிடு. அரசன் விடுதலை ஆவான். இதை மூன்று முறை செய்.

அரசன் தங்கம். ஓநாய் அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்த சாம்பல்நிறக் கனிமம். சனியின் பிள்ளை என்றது ஏன்? கனமும் சாம்பல்நிறமும் எளிதில் உருகும் குணமும் காரீயத்தை ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே குடும்பம் என்று நினைத்தார்கள். ஓநாய் என்றது ஏன் என்பதற்கு விடை மூசைக்குள் இருக்கிறது. தங்கத்தோடு கலந்திருக்கும் வெள்ளியையும் செம்பையும் அது தின்றுவிடும்.

நடப்பது இதுதான். வெள்ளியும் செம்பும் கலந்த தங்கத்தை மூசையில் உருக்கி, பொடித்த அஞ்சனக்கல்லைச் சிறிது சிறிதாகப் போடுகிறார்கள். அஞ்சனக்கல் ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தங்கத்துக்கு 1064 டிகிரி வேண்டும். கந்தகம் வெள்ளியையும் செம்பையும் பற்றிக்கொள்ளும், தங்கத்தைத் தொடாது. கந்தகத்தை இழந்த ஆன்டிமனி தனி உலோகமாகிறது, அதில் தங்கம் கரைந்துவிடுகிறது. கனமான தங்க ஆன்டிமனிக் கலவை அடியில் இறங்க, வெள்ளியும் செம்பும் கந்தகத்தோடு கசடாக மேலே மிதக்கும். ஆறவைத்து உடைத்தால் அடியில் வெண்மையான, நொறுங்கும் ஒரு கட்டி கிடக்கும். தங்கத்தின் மஞ்சள் எங்கும் தெரியாது. ஓநாய் அரசனை விழுங்கிவிட்டது.

அடுத்து அந்தக் கட்டியை மட்டும் மீண்டும் உருக்கித் துருத்தியால் காற்று ஊதுகிறார்கள். ஆன்டிமனி வெள்ளைப் புகையாக எழுந்து போய்விடும். கடைசியில் புகை நிற்கும்போது அடியில் தங்கம் ஒளிவிடும். ஓநாய் எரிந்தது, அரசன் எழுந்தான்.

எவ்வளவு அஞ்சனக்கல் வேண்டும்? இன்றைய வேதியியல் கணக்குப்படி 100 கிராம் வெள்ளியை மாற்றக் குறைந்தது 52 கிராம் தேவை. 100 கிராம் கட்டியில் 25 கிராம் வெள்ளி இருந்தால் 13 கிராம் போதும். ஆனால் சூட்டிலேயே கொஞ்சம் கந்தகம் எரிந்து வீணாகும் என்பதால் கணக்கைவிட மிகுதியாகவே போட வேண்டியிருக்கும்.

அரசி கையில் மூன்று பூக்கள் இருப்பது அழகுக்காக அல்ல, மூன்று முறை செய்ய வேண்டும் என்பதன் குறி. ஒரே உருக்கலில் எல்லா வெள்ளியும் பிரியாது. கசடோடு கொஞ்சம் தங்கமும் மேலே தங்கிவிடும். கசடு நன்றாக உருகாமல் கூழாக இருந்தால் கனமான கட்டி அடியில் சேராமல் முத்து முத்தாக நடுவிலேயே நின்றுவிடும். காற்றை வேகமாக ஊதினால் தெறிப்பில் தங்கம் போகும். மெதுவாக ஊதி அவசரத்தில் நிறுத்தினால் இன்னொரு கேடு: சிறிதளவு ஆன்டிமனி உள்ளே தங்கினாலும் அந்தத் தங்கம் சுத்தியலுக்கு நிற்காது, விரிசல் விடும். அந்த வெள்ளைப் புகை நச்சு, ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

அரசி வெள்ளி. அரிவாள் கிழவன் சனி, அதாவது காரீயம். அவன் காலடியில் இருக்கும் கிண்ணம் எலும்புச் சாம்பலை அழுத்திச் செய்தது. அசுத்த வெள்ளியைக் காரீயத்தோடு அதில் உருக்கிக் காற்றுப்பட வைத்தால் காரீயம் மிருதார்சிங்கியாக, அதாவது காரீயச் சுண்ணமாக, மாறி, செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப்போகும். வெள்ளி உருண்டையாக மிஞ்சும். ஆனால் இந்த முறையால் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்க முடியாது, இரண்டுமே அப்படியே நிற்கும். அதனால்தான் அரசிக்குக் கிழவன் போதும், அரசனுக்கு ஓநாய் வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை ஒரு சொல்கூட இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது. இரசவாதப் படங்களில் இதைவிடக் கச்சிதமானது வேறு இல்லை என்றே சொல்லலாம்.

நிறங்கள் ஏன் அவ்வளவு முக்கியம்

வெப்பமானி இல்லாத காலம். வேலை சரியாகப் போகிறதா என்பதற்கு நிறம்தான் சாட்சி. கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்ற வரிசைதான் கல் விளைவதற்கு அடையாளம். கறுப்புக்கு அண்டங்காக்கை அல்லது மண்டையோடு; வெள்ளைக்கு அன்னம்; சிவப்புக்குப் பீனிக்ஸ் பறவை அல்லது செவ்வுடை அணிந்த அரசன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல நிறங்கள் ஒருசேர மின்னும் கட்டத்துக்கு மயில்தோகை என்று பெயர். காரீயத்தை உருக்கியவர்களுக்கு இந்தத் தோகை தெரியும்: மேற்பரப்பில் படரும் மெல்லிய ஏடு வானவில் நிறங்களைக் காட்டும்.

இந்த நிறவரிசை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. பாதரசத்தையும் கந்தகத்தையும் ஏறத்தாழ 25-க்கு 4 என்ற எடையில் அரைத்தால் கன்னங்கறுப்புப் பொடி கிடைக்கும். அதை மூடிய கலத்தில் கடும் சூட்டில் பதங்கித்தால், அதாவது ஆவியாக்கிப் படியவைத்தால், மேலே சிவப்பாகப் படியும். நம் சித்த மருத்துவத்தில் லிங்கம் என்பதும், ஐரோப்பிய ஓவியர்கள் சிவப்புச் சாயமாக அரைத்ததும் இதுதான். வெள்ளிபோல் மின்னும் ஒன்றும் மஞ்சளான ஒன்றும் சேர்ந்து, செத்துக் கறுத்து, பிறகு செம்மையாக எழுவதை ஒருவர் கண்ணால் கண்டிருக்கிறார். கறுப்பு மரணம், சிவப்பு மறுபிறப்பு என்று அவர் எழுதியதில் வியப்பில்லை.

ஒரு மாறுபாட்டைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்திய இரசவாதத்தில் பாதரசம் சிவனின் வித்து, கந்தகம் தேவியின் கூறு. ஐரோப்பாவில் நேர்மாறு: கந்தகம் ஆண், பாதரசம் பெண். நம் மரபின் கண்ணோடு அந்தப் படங்களைப் பார்த்தால் அரசனும் அரசியும் இடம் மாறிவிடுவார்கள்.

குடுவைக்குள் ஒரு கல்யாணமும் சாவும்

‘ரோசாரியம் ஃபிலோசோஃபோரும்’ என்ற இரசவாத நூல் 1550-இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் 20 மரச்செதுக்குப் படங்களோடு அச்சானது. அரசனும் அரசியும் கைகோத்து நிற்பதில் தொடங்கி, ஆடை களைந்து, நீரில் இறங்கி, கூடி, ஈருடல் ஒன்றாகக் கல்லறையில் பிணமாகக் கிடக்கிறார்கள். அடுத்த படத்தில் ஒரு சிறு உருவம் உடலைவிட்டு மேகத்துக்குள் ஏறுகிறது. அதற்கடுத்து மேகத்திலிருந்து பனித்துளி விழுகிறது. பிறகு அந்த உருவம் இறங்கி உடலுக்குள் வருகிறது, உடல் எழுகிறது.

இதைக் குடுவையோடு சேர்த்துப் பாருங்கள். முட்டை வடிவக் கண்ணாடிக் குடுவை. அதில் பெரும்பகுதி காலியாக இருக்கும். கழுத்தை உருக்கி அடைத்திருக்கிறது. அடியில் சரக்கு கறுத்துக் கிடக்க, சூட்டில் ஆவி மேலே போகிறது. மேற்பகுதி குளிர்ச்சி, ஆவி துளியாகி உள்சுவரில் வழிந்து அடியில் விழுகிறது. திரும்பத் திரும்ப இதேதான். ஏறும் உயிர் ஆவி, பனித்துளி குளிர்ந்த நீர், கல்லறை குடுவையின் அடி. வாரக்கணக்கில் குடுவை முன்னால் உட்கார்ந்தவர் பார்த்தது இதைத்தான்.

சூட்டுக்கு நான்கு படிகள் சொன்னார்கள்: முதலில் நீர்த்தொட்டி அல்லது குதிரைச்சாணத்தின் இளஞ்சூடு, அடுத்து சாம்பல், அதற்குமேல் மணல், கடைசியில் நேர் நெருப்பு. நம்மவர்கள் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று மூன்றாகப் பிரித்ததற்கு இணையானது. பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான் வந்தன. பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும். அடைத்த குடுவையில் சூடு மிஞ்சினால் ஆவி வெளியேற வழியின்றிக் குடுவை வெடிக்கும். சீலைமண் (துணியோடு சேர்த்துப் பூசும் களிமண்) பூசாமல் நேர் நெருப்பில் வைத்த கண்ணாடி விரிசல் விடும். சூடு குறைந்தாலோ, மாதக்கணக்கில் ஒன்றும் நிகழாது. கோழி அடைகாக்கும் சூடு என்று நூல்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பச்சைச் சிங்கம் கற்றுத்தரும் எச்சரிக்கை

புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அகராதிபோல் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு வாசிப்பது. சூரியனைக் கவ்வித் தின்னும் பச்சைச் சிங்கத்தை எடுத்துக்கொள்வோம். பலர் அதைப் பச்சை அன்னபேதி (இரும்பின் பச்சைநிற உப்பு) என்றும், அதிலிருந்து வடித்த திராவகம் தங்கத்தைக் கரைப்பதையே படம் சொல்கிறது என்றும் வாசிக்கிறார்கள். பொருந்துகிற வாசிப்புதான். ஜாபிரின் லத்தீன் பெயரான கெபர் என்ற பெயரைச் சூடிக்கொண்டு வந்த ஒரு செய்முறை இப்படிப் போகிறது: அன்னபேதி 1 ராத்தல், வெடியுப்பு அரை ராத்தல், படிகாரம் கால் ராத்தல் சேர்த்து வாலையில் வடித்தால் வெள்ளியைக் கரைக்கும் திராவகம் இறங்கும். அதில் நவச்சாரம் என்ற உப்பைக் கரைத்தால்தான் அது தங்கத்தையும் கரைக்கும். நவச்சாரத்தை விட்டுவிட்டால் சிங்கத்துக்குப் பல் இல்லை.

ஆனால் இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் மடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரிப்ளியின் பேரில் வழங்கும் செய்முறையில் பச்சைச் சிங்கம் வேறு. அங்கே காரீயச் சுண்ணத்தைக் காடியில் கரைத்து வற்றவைத்தால் வரும் பிசினுக்குத்தான் அந்தப் பெயர். கெபர் வழியில் போனால் உங்கள் கையில் திராவகம். ரிப்ளி வழியில் போனால் காரீய உப்பு. ‘பச்சை’ என்பதும் சில வேளைகளில் நிறமே அல்ல, காய் பச்சையாக இருக்கிறது என்பதுபோலப் பக்குவப்படாதது என்று பொருள்.

ஆகவே ஒரு படத்தின் முன் நின்று கேட்க வேண்டியது ‘இந்த விலங்கு எது?’ என்பதல்ல. யார் யாரைத் தின்கிறார்கள், எது மேலே ஏறுகிறது, எது கீழே விழுகிறது, நெருப்பு எங்கே இருக்கிறது, எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்பவை. வினையை முதலில் பிடித்தால் சரக்கு பின்னாலேயே வரும். ஒரு நூலாசிரியரின் விலங்கை இன்னொருவரின் விலங்கால் விளக்கக்கூடாது. செய்முறையின் துண்டுகளை வேண்டுமென்றே பல இடங்களில் சிதறவைப்பதும் அவர்களுடைய வழக்கம். ஒரே பக்கத்தில் எல்லாம் கிடைத்துவிட்டால் சந்தேகப்படுவது நல்லது.

படத்துக்குச் சக்தி உண்டா?

அந்தக் காலத்தவர் இரண்டு வகை உருவங்களைத் தெளிவாகப் பிரித்தார்கள். ஒன்று முத்திரைத் தகடு. 1301-இல் போப் எட்டாம் போனிஃபேஸின் கல்லடைப்பு வலிக்கு, வில்லனோவாவைச் சேர்ந்த மருத்துவர் அர்னால்டு சிம்ம ராசி முத்திரை பதித்த தங்கத் தகட்டை இடுப்பில் அணிவித்தார். அங்கே உருவமே வேலை செய்வதாக நம்பிக்கை. கோளின் ஆற்றல் அந்த வேளையில் அந்த உலோகத்தில் இறங்குகிறது.

இரசவாதப் படம் அந்த வகை அல்ல. அதை மூசையில் ஒட்டினால் தங்கம் வராது. அது வேலை செய்வது பார்ப்பவரிடம். ‘மேலே உள்ளது கீழே உள்ளதைப் போன்றது’ என்று மரகதப் பலகை என்ற பழைய இரசவாத வாசகம் சொல்வதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். கிறிஸ்து இறந்து எழுந்ததும், விதை மண்ணில் அழுகி முளைப்பதும், பாதரசம் கறுத்துச் சிவப்பதும் ஒரே விதியின் மூன்று நிகழ்ச்சிகள். ‘ரோசாரியத்தின்’ கடைசிப் படத்தில் கல்லறையிலிருந்து எழும் கிறிஸ்து நிற்பது அலங்காரமோ தெய்வ நிந்தையோ அல்ல. வேலை முடிந்தது என்பதற்கு அவர்களிடம் இருந்த மிக உயர்ந்த உவமை அது. குடுவை கறுத்து நாற்பது நாள் அசையாமல் கிடக்கும்போது நெருப்பை அணைத்துவிடாமல் காத்திருக்கப் படம் தெம்பு தந்தது. செபமும் உலையும் ஒரே அறையில் இருந்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1944-இலும் 1946-இலும் வெளியிட்ட நூல்களில் இந்தப் படங்களை மனத்தின் ஆழத்தில் நிகழும் மாற்றங்களாக வாசித்தார். அவர் வழியாகத்தான் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள், அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் உலையை விட்டுவிட்டு அகத்தை மட்டும் வாசித்தால் ஓநாயின் வெள்ளைப் புகையும் மூன்று பூக்களின் கணக்கும் காணாமல் போய்விடும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவர்களின் படங்கள் இவை.

மீதிச் சாவிகளில் இரண்டையாவது பார்க்க வேண்டும். இரண்டாவது படத்தில் சிறகுள்ள புதன் நடுவில் நிற்க, இருபுறமும் இரண்டு வாள்வீரர்கள். ஒருவன் வாளில் பாம்பு, இன்னொருவன் வாளில் கழுகு. கழுகு நவச்சாரம், சூடுபட்டால் பறந்துவிடுவதால் அந்தப் பெயர். பாம்பு வெடியுப்பு, பாறையிலும் சுவரிலும் குளிர்ந்து பூப்பது. இரண்டையும் மோதவிட்டு வடித்தால் தங்கம் கரைக்கும் நீர் கிடைக்கும். மூன்றாவது படத்தில் ஒரு நரி சேவலைக் கவ்வி ஓடுகிறது. அதன் முதுகில் இன்னொரு சேவல் ஏறி நரியைக் கொத்துகிறது. முன்னால் ஒரு பறவைநாகம். அந்த நீரில் தங்கத்தைக் கரைத்து, நீரை வடித்து, வடித்த நீரை மறுபடி ஊற்றி, மறுபடி வடித்துக்கொண்டே போக வேண்டும். நரி சேவலையும் சேவல் நரியையும் தின்பது இந்தச் சுற்றுதான். எந்த நெருப்புக்கும் அசையாத தங்கம், கடைசியில் செந்நிறப் படிகமாகக் குடுவையின் கழுத்துக்குப் பறந்து ஏறும். சூடு மிஞ்சினால் மறுபடி தங்கமாகி அடியிலேயே கிடந்துவிடும். அமெரிக்க வேதியியலாளரும் வரலாற்றாய்வாளருமான லாரன்ஸ் பிரின்சிபே இதை இன்றைய ஆய்வகத்தில் செய்து, தங்கம் பறப்பதைக் காட்டியிருக்கிறார். அதன் பிறகு வரும் சாவிகளில் படங்கள் அதே அழகோடு தொடர்கின்றன. ஆனால் அவற்றைக் கையில் பிடித்து உலையில் செய்து பார்க்கும் அளவுக்குச் சரக்கும் அளவும் படிப்படியாகக் குறைந்துவிடுகின்றன.